மலைத் தோட்ட வேலைக்கேற்ற பாதரட்சை

(ஏற்காடு வட்டார விவசாயிகளும் ஊராட்சிப் பணியில் உள்ளோரும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவை குறித்துப் பேசுவதே இத்தகைய கூட்டங்களில் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் அவ்வளவு பெரியதன்று. நாள்தோறும் மண்ணில் படும் நம் கால்களையும், அவற்றிற்கு அணியவேண்டிய பூட்ஸையும் பற்றியது. சிறிய விஷயமென்று இதை ஒதுக்கிவிட முடியாது. மண்வெட்டி முனை மழுங்கினால் தீட்டுகிறோம். மருந்து தெளிக்கும் கருவி பழுதானால் சேலத்திற்கு எடுத்துச் சென்று சரி செய்கிறோம். வேலை செய்யும் காலுக்கு மட்டும் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போகிறோம்.

நம் சேர்வராயன் மலையின் இயல்பு யாவரும் அறிந்ததே. ஏற்காடு ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் கோயில் அமைந்த உச்சி 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்திலும் உள்ளன. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் இம்மலையில் காப்பிச் செடி ஊன்றப்பட்டது. அன்று முதல் இன்றுவரை நம் தோட்ட வேலை சரிவில் நின்று செய்யும் வேலையாகவே இருந்து வருகிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இங்கே மழை தருகின்றன. செம்மண் நனைந்தால் சோப்புக் கட்டியைப் போல் வழுக்கும். பழம் பறிப்பு தொடங்குவதோ, வடகிழக்குப் பருவ மழை இன்னும் ஓயாத நவம்பர் மாதத்தில். முதுகில் பழ மூட்டையுடன், தேய்ந்துபோன ரப்பர்ச் செருப்பில், நனைந்த சரிவில் பெண்கள் இறங்கி வருவதை நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் வாழவந்தியிலும் நாம் காணாத நாளில்லை. அச்செருப்பின் வார் அறுந்தால் அவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிறார்கள். வழுக்காமல் இருப்பதற்கு அதுவே மேல் என்று கூறுவோரும் உண்டு. வழுக்குவதை மட்டும் கருதினால் அவர்கள் சொல்வது பொய்யன்று.

ஆனால் அந்த மண்ணில் வேறொன்று இருக்கிறது. கொக்கிப் புழுவைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். மனித மலத்தின் வழியே மண்ணை அடையும் அதன் முட்டை, நிழலும் ஈரமும் இளகிய மண்ணும் கிடைத்தால் சில நாள்களில் இளம்புழுவாகிறது. நிழல் மரத்தடி, ஈரம், உதிர்ந்த சருகு ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் காப்பித் தோட்டமன்றி வேறெது? அப்புழு வாய்வழியே வருவதைவிடப் பாதத்தின் தோலைத் துளைத்து நுழைவதே மிகுதி. இதைக் கண்டறிந்த வரலாறு வியப்புக்குரியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இப்புழுவை ஆராய்ந்து கொண்டிருந்தபோது, புழு கலந்த நீர் தற்செயலாக அவர் கையில் சிந்தியது. அவ்விடத்தில் அரிப்பு உண்டாயிற்று. சில வாரங்களுக்குப் பின் அவருடைய மலத்திலேயே கொக்கிப் புழுவின் முட்டைகள் காணப்பட்டன. தோலே அப்புழுவின் வாசல் என்று உலகம் அறிந்தது அதன் பின்னரே.

உள்ளே சென்ற புழு குடலைப் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு குடிப்பது சொட்டளவுகூட இராது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆள் வெளிறிப் போகிறார், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, அரை நாள் வேலைக்குப் பின் உட்கார்ந்துவிடுகிறார். அவரைச் சோம்பேறி என்று நாம் பட்டம் சூட்டிவிடுகிறோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே பழிச்சொல் வழங்கிற்று. 1909ஆம் ஆண்டு ராக்பெல்லர் பத்து லட்சம் டாலர் அளித்து ஓர் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். மருந்து, கழிப்பறை, காலில் செருப்பு ஆகிய மூன்றையும் அங்கே மக்களிடம் வற்புறுத்தினார்கள். நம் நாட்டிலும் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்பட்டுக் குழந்தைகளுக்கு மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரை உள்ளேயுள்ள புழுவைப் போக்கும். மறுநாள் வெறுங்காலோடு அதே மண்ணை மிதித்தால் மறுபடியும் புழு ஏறும்.

பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். கடி பெரும்பாலும் விழுவது முழங்காலுக்குக் கீழேதான். தடித்த கம் பூட்ஸ் அணிந்த காலில் பாம்பின் பல் ஆழப் பதிவது அரிது. செடிக் கிளையில் சுருண்டு கிடக்கும் பச்சை விரியன் கையைத்தான் கடிக்கும். அதற்குப் பூட்ஸ் உதவாது, கண்ணே காவல். எங்கே கடித்தாலும் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. உடனே 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

முள் குத்தியதைப் பொருட்படுத்தாமல் விட்டு, மாதக்கணக்கில் பாதம் வீங்கிப் புரையோடும் நோய் ஒன்று உண்டு. உலக மருத்துவ நூல்களில் அதன் பெயர் ‘மதுரைக் கால்’. 1842இல் மதுரையில் பணிபுரிந்த கில் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதியதால் அப்பெயர் நிலைத்தது. வெறுங்காலுடன் உழுத நம் விவசாயியின் கால் நோயால் நம் ஊர்ப் பெயர் உலகெங்கும் அறிமுகமாயிருப்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

இவ்வளவும் கேட்டபின், “பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாயிற்று, யாரும் போடுவதில்லையே!” என்று சிலர் சொல்வீர்கள். அதுவும் உண்மை. தோட்ட வீடுகளின் சுவரில், ஆணியில் தொங்கும் புத்தம் புதிய கம் பூட்ஸை நாம் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். அது ஏன் அங்கே தொங்குகிறது என்று கேட்டால், “கடிக்கிறதுங்க”, “கனமா இருக்குங்க”, “உள்ளே கால் ஆடுதுங்க” என்ற பதில்களே வருகின்றன. மொத்தமாக வாங்கும்போது எட்டாம் அளவில் பாதி, ஒன்பதாம் அளவில் பாதி என்று வாங்கிவிடுகிறோம். பெண்களில் பலருக்கு நான்காம் அளவும் ஐந்தாம் அளவுமே பொருந்தும்; அந்த அளவுகள் கடையில் கேட்டால்தான் வரும், கேட்காவிட்டால் வராது. பழம் பறிப்போரில் பெரும்பாலோர் பெண்களாக இருக்க, ஆண்களின் கால் அளவில் பூட்ஸ் வாங்குவது எவ்விதத்தில் நியாயம்? ஆகவே சௌகரியம் என்பதை ஆடம்பரம் என்று எண்ணலாகாது. சௌகரியமில்லாத பூட்ஸ் ஆணிக்குத்தான் பாதுகாப்பளிக்கும்.

நம் கால்களின் அமைப்பையும் இங்கே கருதவேண்டும். குழந்தைப் பருவம் முதல் வெறுங்காலுடன் மலை ஏறி இறங்கியோரின் முன்பாதம் அகன்றிருக்கும், விரல்கள் விரிந்திருக்கும். இது குறையன்று, பலம். 1992இல் நம் நாட்டு மருத்துவர்கள் ராவ், ஜோசப் இருவரும் 2,300 குழந்தைகளின் பாதச் சுவட்டை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தட்டைப்பாதம் என்னும் குறை மூடிய ஷூ அணிந்தவர்களிடம் மிகுதியாகவும், வெறுங்காலுடன் நடந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. எனவே காலைக் கெடுப்பது மண்ணின் ஸ்பரிசம் அன்று. மண்ணிலுள்ள புழுவும் முள்ளுமே கெடுக்கின்றன. நாம் வாங்கும் பூட்ஸ் அகன்ற பாதத்தை நெருக்கிக் கூராக்கினால், ஒரு துன்பத்தை நீக்கி வேறொரு துன்பத்தை விலைக்கு வாங்கியவர்களாவோம். குழந்தைகளுக்கு இறுகிய ஷூவைத் திணிப்பதும் அவ்வாறே.

“போடப் போடப் பழகிவிடும்” என்று கடைக்காரர் சொல்வார். இதற்கு மறுமொழியாக, நம் பக்கத்து மலையில் பிறந்த ஒருவரை நினைவுகூர்வது பொருந்தும். 1914இல் கொல்லிமலையில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் கால்கள் ஏன் புண்ணாகிக் குறைந்து போகின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை; வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் திரும்பத் திரும்ப விழுந்து புண்ணாகிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். அந்நோயாளிகளுக்காக மென்மையான ரப்பர் அடித்தளமிட்ட செருப்புகள் செய்யப்பட்டன. வலி என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்த செய்தி. கடைக்குள் நான்கு அடி நடக்கும்போதே கடிக்கும் பூட்ஸ், தோட்டத்தில் நான்காயிரம் அடி நடக்கும்போது என்ன செய்யும்? நீரிழிவு உள்ளோர்க்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். அவர்கள் பூட்ஸ் அணியுமுன் கையை உள்ளே விட்டுக் கல்லோ ஆணியோ உள்ளதா என்று பார்க்கவேண்டும். மாலையில் பாதத்தை விளக்கொளியில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 முதல் வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரிடம் மாத்திரை வாங்கும்போதே காலையும் காட்டுவது நலம்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். கால் அளவை மாலையில் எடுக்கவேண்டும்; நாள் முழுதும் நின்று உழைத்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்றே பருத்திருக்கும். தடித்த தாளை நிலத்தில் விரித்து, அதன்மேல் எழுந்து நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுக்கவேண்டும். உட்கார்ந்துகொண்டு எடுத்த அளவு பயன்படாது. உடற்பாரம் விழும்போதுதான் பாதம் விரியும். இரு கால்களையும் அளக்கவேண்டும், ஏனெனில் பலருக்கு ஒரு கால் சற்றே பெரிது. பெரிய காலுக்கே வாங்கவேண்டும். கோட்டின்படி வெட்டிய தாளைப் பூட்ஸுக்குள் நுழைத்துப் பாருங்கள். ஓரங்கள் மடங்கினால் அந்தப் பூட்ஸ் உங்களுக்கு அகலம் போதாது. நீளம் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். தோல் பூட்ஸாயின் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சிறிது அகலப்படுத்தலாம். பி.வி.சி. கம் பூட்ஸ் அவ்வாறு விரிந்து கொடுக்காது.

அணிந்து பார்க்கும்போது, வேலையின்போது போடும் அதே காலுறையுடன் அணியவேண்டும். நீண்ட விரலுக்கும் பூட்ஸின் முனைக்கும் இடையே கட்டைவிரல் அகலம் இடமிருக்க வேண்டும். குதிகால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இவற்றையெல்லாம் சமதளத்தில் நிற்கும் கடைக்காரரும் சொல்லுவார். மலைக்காரராகிய நாம் இன்னொன்றும் செய்யவேண்டும்: இறக்கத்தில் நடந்து பார்க்கவேண்டும். ஏறும்போது எந்தப் பூட்ஸும் நல்ல பூட்ஸே. பாரத்துடன் இறங்கும்போதுதான் விரல்கள் முன்னே சென்று மோதி நகம் கறுக்கும். கடை வாசலில் படிக்கட்டு இருந்தால் போதும், நான்கு முறை இறங்கிப் பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடிப்புறத்தில் ஆழமான பள்ளங்களும், அப்பள்ளங்களுக்கிடையே போதிய இடைவெளியும் இருக்கவேண்டும். நெருக்கமான கோடுகளில் செம்மண் அப்பிக்கொண்டால் அடிப்புறம் மொழுமொழுவென்று ஆகிவிடும். குதிகால் தாழ்வாக, தனியே தெரியும் விளிம்புடன் இருப்பது இறக்கத்தில் பிடிமானம் தரும். அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்களின் படங்களைப் பார்த்து, உயர்ந்த குதிகாலும் கூரிய முனையும் கொண்ட பூட்ஸை நம் இளைஞர் சிலர் விரும்புகின்றனர். அந்தக் குதிகால் குதிரைச் சேணத்தின் மிதி வளையத்தில் கால் நழுவாதிருக்க அமைந்தது. நம் தோட்டத்தில் குதிரை ஏது?

எல்லா வேலைக்கும் ஒரே பூட்ஸ் ஆகாது. மழைக்காலக் களை வெட்டு, உரமிடுதல், மாட்டுத் தொழுவம் கழுவுதல் ஆகியவற்றிற்குக் கம் பூட்ஸே சிறந்தது. புடவை உடுத்தி வேலை செய்வோர்க்கு முழங்கால் வரை எட்டும் உயரம் இடைஞ்சல். கெண்டைக்கால் நடுவரை உள்ளது போதும். புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவோர் பி.வி.சி. பூட்ஸை நம்பலாகாது, விரல்முனையில் இரும்புக் கவசமுள்ள தோல் பூட்ஸ் வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க மூங்கில் ஏணியில் ஏறும்போது, தொளதொளக்கும் கம் பூட்ஸ் ஆபத்து. அங்கே பாதத்தோடு ஒட்டிய, மெல்லிய அடியுள்ள கான்வாஸ் ஷூவே பொருத்தம். போர்டோ கலவையோ பூச்சி மருந்தோ தெளிக்கும்போது கால்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விடவேண்டும். இல்லையேல் வழியும் மருந்து பூட்ஸுக்குள் இறங்கித் தேங்கும். அட்டை மிகுந்த வால்பாறை போன்ற இடங்களில் உள்ளே செருகிக் கட்டுவார்கள். தெளிப்பு வேலைக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

கம் பூட்ஸ் என்பதே விவசாயிக்காகப் பிறந்த பொருள் என்பது பலர் அறியாதது. 1853இல் ஹைராம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் பிரான்ஸில் ஆலை நிறுவி ரப்பர் பூட்ஸ் செய்யத் தொடங்கினார். அதுவரை மரக்கட்டைச் செருப்புடன் சேற்றில் உழைத்த அந்நாட்டு உழவர்கள், மாலையில் உலர்ந்த காலுடன் வீடு திரும்பினார்கள்.

சிலர் உள்ளத்தில் வேறொரு தயக்கம் உண்டு. விளைநிலம் தெய்வம், அதைச் செருப்புக் காலால் மிதிக்கலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அந்த மரியாதையை நாம் குறைத்துப் பேசமாட்டோம். தானியம் குவித்த களத்திலும், பொங்கலிடும் இடத்திலும் கழற்றி வைப்போம். களை வெட்டும்போது அணிவதால் நிலமகள் கோபிக்கமாட்டாள். இன்னொரு வகைத் தயக்கமும் இருந்தது. சில தெருக்களில் சில சாதியினர் செருப்பணிந்து நடக்கலாகாது என்று தடுத்த கொடுமை தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்ததை யாரும் மறுக்கமுடியாது. மேலாள் எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்த பழக்கத்தின் மிச்சம் இன்றும் எங்கேனும் இருக்குமானால், அதை மரியாதை என்று ஏற்றுக்கொள்வது ஊராட்சிப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு அழகன்று. சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. பூட்ஸ் அணிந்த தொழிலாளி பூட்ஸோடு நின்றே கணக்குப் பேசட்டும்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறித்தது. பாதரட்சையை அவ்வாறு பெயர் சொல்லவில்லை. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று தோட்டக்காரர்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு ஜோடி நல்ல கம் பூட்ஸின் விலை சில நூறு ரூபாய். கால் சுளுக்கிய தொழிலாளி ஒரு வாரம் படுத்தால் இழக்கும் கூலி அதைவிட மிகுதி.

ஊராட்சியும் பூட்ஸ் வாங்குகிறது. நம் தூய்மைக் காவலர்கள் குப்பையிலும் சாக்கடையிலும் நின்று உழைப்பவர்கள். உடைந்த கண்ணாடியும் ஊசியும் அவர்கள் காலடியில். அவர்களுக்கு வாங்கும்போது மிகக் குறைந்த விலைப்புள்ளியை மட்டும் பார்த்துத் தீர்மானம் எழுதுவது சிக்கனமாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பாருங்கள், பி.வி.சி. பூட்ஸாயின் ஐ.எஸ். 12254 என்றும், ரப்பர் பூட்ஸாயின் ஐ.எஸ். 5557 என்றும் எண் பொறித்திருக்கும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொருவருடைய பெயருக்கும் எதிரே கால் அளவு எழுதிய பட்டியல். எழுத ஒரு மாலைப் பொழுது போதும். “ஒவ்வோர் அளவிலும் ஒரு ஜோடி முதலில் அனுப்புக, அணிந்து பார்த்தபின் மீதிக்கு உத்தரவு தருவோம்” என்று வியாபாரிக்கு எழுதலாம். பொருந்தாதவற்றை மாற்றித் தரும் நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளலாம். சிறு விவசாயிகளும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் இருபது முப்பது பேராகச் சேர்ந்து இதே முறையில் வாங்கினால், ஐந்தாம் அளவு இல்லையென்று வியாபாரி சொல்லமாட்டார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் அயல்நாட்டார் கால்களுக்கெல்லாம் அளவு பார்த்து ஷூ தைக்கிறார்கள். சில மணி நேரப் பயணத்தில் உள்ள நம் மலைப் பெண்களின் கால் அளவு மட்டும் கிடைக்காது என்பதை ஏற்க நமக்கு மனமில்லை.

வாங்கியபின் பேணுவதும் ஒரு வேலைதான். கம் பூட்ஸுக்குள் வியர்வை தங்கும். ஈரக் காலுடன் நாள் முழுதும் இருந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். ஆகையால் நண்பகல் உணவு வேளையில் கழற்றிக் காலைத் துடைத்து, வேறு காலுறை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு ஜோடிக் காலுறை இல்லாமல் கம் பூட்ஸ் வாங்குவது வீண். மாலையில் கழுவி, சுவரில் அடித்த இரண்டு முளைகளில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் உள்ளே உலரும், தேளும் புகாது. அப்படியே வைத்திருந்தாலும் காலையில் ஒருமுறை தட்டி உதறியே அணியவேண்டும். தோல் பூட்ஸ் நனைந்தால் அடுப்பருகே வைக்கக் கூடாது. வெப்பத்தில் தோல் வெடிக்கும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் வைத்தால் ஈரத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். அடிப்புறப் பள்ளங்கள் தேய்ந்து சமமாகிவிட்ட பூட்ஸை மழைக்காலத்தில் அணியாமல், கோடையில் தொழுவ வேலைக்கு ஒதுக்கிவிடலாம்.

பருவமழை ஜூனில் தொடங்கும். பூ மழை முடிந்து வேலை சற்றே ஓய்ந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் கால் அளவுப் பட்டியலை எழுதி முடித்துவிட்டால், பூட்ஸ் வந்து சேர்ந்து, அணிந்து பார்த்து, பொருந்தாததை மாற்றிக்கொள்ளவும் நாள் இருக்கும். பட்டியல் எழுதும் படிவத்தின் மாதிரி வட்டார அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. தாளும் பென்சிலும் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.